கட்டில் சத்தம்

பிப்ரவரி 6

அன்புள்ள மருமகளுக்கு,

எல்லாரும் சௌக்கியம்னு முதல் வரியில எழுதணும், எழுதிட்டேன். இனிமே உள்ளதை எழுதறேன்.

போன் இருக்கறப்போ எதுக்கு இந்த அத்தை லெட்டர் போடறா, அதுவும் வீட்டுக்கு இல்லாம நான் வேலை செய்யற பல் செட்டு லேப் விலாசத்துக்குன்னு நீ நினைப்ப. எங்க வீட்ல இருக்கறது ஒரே போன். மாமாவுக்குக் காது மந்தம்னு அதை ஸ்பீக்கர்லதான் போடுவோம். அந்தப் பக்கம் நீ எடுத்தா உன் வீட்டுக்காரன் பக்கத்துலயே உக்காந்திருப்பான். அப்பனும் பிள்ளையும் காதை நீட்டிக்கிட்டு இருக்கறப்போ நான் எப்படி மனசு விட்டுப் பேசறது?

நீங்க தனிக்குடித்தனம் போனதுல எனக்குக் கோவம் இல்ல. வருத்தம் இருக்கு, அது வேற. கடை பக்கத்துல வீடு கிடைச்சுது, போறோம்னு தம்பி பெத்த அம்மாகிட்ட ஒரே வரியில சொன்னான். இவ்வளவு நாளா அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இங்கேயிருந்துதானே பஸ்ல போனான்? சரி, போகட்டும். நான் எழுத வந்தது மாமாவைப் பத்தி.

சாமான் ஏத்தின அன்னைக்கு வாசல்ல உக்காந்து ஷூ லேஸ் கட்டிக்கிட்டே தம்பி அவர்கிட்ட, "இந்த வயசுல கொஞ்சமாவது வெக்கம் வேணும்ப்பா"ன்னு சொல்லிட்டுப் போனானாம். பக்கத்துல லாரி ஹாரன் அடிச்சாலே திரும்பாத மனுஷன், இது மட்டும் தெளிவாக் கேட்டுருக்கு. அன்னையிலேருந்து அவன் போன் பண்ணா எழுந்து பாத்ரூமுக்குப் போயிடறார். நான் என்ன வெக்கங்கெட்ட வேலை செஞ்சேன், என்ன செஞ்சேன்னு என்னையே கேக்கறார். மருமக எதிர்ல சட்டை போடாம உக்காந்ததுக்கா, சத்தமா ஏப்பம் விட்டதுக்கா, குளிக்கறப்போ பாடினதுக்கான்னு ஒவ்வொண்ணா யோசிக்கறார். இப்போ வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். ஆனாலும் கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுக்கிட்டு வேர்த்து வழிய உக்காந்திருக்கார். பார்க்கச் சகிக்கல.

நீ சொல்லு கண்ணு. அவர் என்ன பண்ணார்? இல்ல, கோவம் என் மேலயா? கொஞ்ச நாளா நான் வீடு துடைக்கல, தண்ணி வாளியைத் தூக்கல, எல்லாத்தையும் உன் தலையில கட்டினேன். அத்தை டிமிக்கி குடுக்கறான்னு நீ நினைச்சிருந்தா அதுல தப்பே இல்ல. எதுவா இருந்தாலும் ஒளிக்காம எழுது. அவங்க ரெண்டு பேரும் பேசிக்கணும், எனக்கு வேற எதுவும் வேண்டாம்.

உன்
அத்தை

*

பிப்ரவரி 13

அன்புள்ள அத்தைக்கு,

உங்க லெட்டரை லேப்ல எல்லாரும் பார்த்துட்டாங்க. "யாருடி உனக்கு லவ் லெட்டர்"னு ஒரே கிண்டல். மாமியார்னு சொன்னேன், ஒருத்தரும் நம்பல.

நீங்க டிமிக்கி குடுக்கறீங்கன்னு நான் ஒரு நாளும் நினைக்கல, சத்தியமா. மாமாவும் ஒரு தப்பும் பண்ணல. அவர் சட்டை போடாதது, பாடறது எல்லாம் எனக்குப் பிடிக்கும். தயவு செஞ்சு அவரைச் சட்டையைக் கழட்டச் சொல்லுங்க.

இவர் அன்னைக்கு ஏதோ டென்ஷன்ல வாய் தவறிச் சொல்லிட்டார். சொன்னதுலேருந்து இவரும் சரியில்ல. நேத்து ஒரு பெரியவருக்கு லென்ஸை மாத்தி மாட்டிக் குடுத்துட்டு முதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு வந்தார். அப்பாகிட்ட மன்னிப்பு கேளுங்கன்னு சொன்னா, "என்னன்னு சொல்லிக் கேக்கறது?"ங்கறார்.

வீடு மாறினதுக்கு வேற பெரிய காரணம் எதுவும் இல்ல. அங்கே விடிகாலையில எங்களுக்குத் தூக்கம் சரியா வரல, அவ்வளவுதான். இதைப் பத்தி மேல கேக்காதீங்க, ப்ளீஸ்.

வேலை அதிகம். மேஜை பூரா பல் செட்டு வரிசையா வாயைப் பிளந்துக்கிட்டு என்னையே பார்த்துச் சிரிக்குது. உடம்பைப் பார்த்துக்குங்க.

அன்புடன்,
உங்க மருமகள்

*

பிப்ரவரி 19

அன்புள்ள மருமகளுக்கு,

விடிகாலைத் தூக்கம்னு நீ எழுதினதைப் படிச்சதும் எனக்கு நெஞ்சுல சுருக்குனுச்சு. அப்போ காரணம் நாங்கதான். நான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு இருந்ததை உன்கிட்ட சொல்றேன். தம்பி காதுக்குப் போகக் கூடாது, என் மேல ஆணை.

எனக்கு இடுப்பு போச்சு. ஓட்டல் லாண்டரில ஈரப் பெட்ஷீட் கூடையைத் தூக்கறப்போ ஒரு நாள் முதுகுல ஏதோ பிடிச்சுது, அப்படியே குனிஞ்ச மேனிக்கு நின்னுட்டேன். கூட வேலை செய்யறவங்கதான் நிமித்தி உக்கார வச்சாங்க. அதுலேருந்து காலையில எழுந்தா உடம்பு கட்டை மாதிரி ஆயிடுது. வாளி தூக்காதது, துடைக்காதது எல்லாம் அதுக்குத்தான்.

மாமா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க இருக்கற பிசியோ பொண்ணு யோகா பண்ணணும்னு சொன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. இந்த உடம்பை வச்சுக்கிட்டு தலைகீழா நிக்கவான்னு கேட்டேன். அவ சிரிச்சுட்டு, தரையில கூட உக்கார வேண்டாம், கண் முழிச்சதும் கட்டில்லயே படுத்தபடி பண்ணுங்கன்னு சொல்லிக் குடுத்தா. ஒரு முட்டியை மடிச்சு நெஞ்சுகிட்ட கொண்டு வரணும், அப்புறம் அடுத்ததை. ரெண்டு முட்டியையும் சேர்த்து இந்தப் பக்கம் சாய்க்கணும், அந்தப் பக்கம் சாய்க்கணும். பாதத்தை ஊனி இடுப்பை லேசாத் தூக்கி இறக்கணும். மூச்சு இழுத்து விடணும், வலிச்சா நிறுத்திடணும். இவ்வளவுதான் வித்தை.

ஆனா காலையில என்னால ஒரு காலைத் தூக்க முடியாது. மாமாதான் பிடிச்சு மடிச்சு விடுவார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, வாழ்நாள் முழுக்க குடோன்ல லாரிக்குப் பின்னால நின்னு ரிவர்ஸ் பார்த்த மனுஷன். என் காலையும் லாரின்னு நினைச்சுக்கிட்டு, "வரலாம், வரலாம், மெதுவா, இன்னும் கொஞ்சம், அப்படித்தான், நில்லு!"ம்பார். காது மந்தம், தன் குரல் எவ்வளவு பெருசுன்னு அவருக்கே தெரியாது. வலி தாங்காம நானும் "அம்மா, ஐயோ"ன்னு முனகுவேன். அந்தப் பழைய கட்டில் வேற எங்களுக்கு மேல கத்தும். தம்பி பார்த்துடக் கூடாதுன்னு கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் ஆரம்பிப்போம்.

ஏன் ஒளிச்சேன்னு கேப்ப. உன்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு, "அம்மாவுக்கு முடியாம போனா இவ வேலையை விட்டுடட்டும், வீட்டைப் பார்த்துக்கட்டும்"னு தம்பி சொன்னான். நீ தலையைக் குனிஞ்சுக்கிட்ட. உன் கை நகத்துல அப்போ வெள்ளையா பல் அச்சு எடுக்கற பிளாஸ்டர் மாவு ஒட்டியிருந்துச்சு, நான் பார்த்தேன். என் இடுப்பால உன் வேலை போச்சுன்னா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன்னைப் பார்க்கறது?

இப்போ பார், அந்தச் சத்தத்துல உங்க தூக்கத்தைக் கெடுத்து வீட்டை விட்டே அனுப்பிட்டோம். இனிமே அஞ்சு மணிக்கு வேண்டாம், நீங்க எழுந்தப்புறம் பண்றோம். கட்டிலுக்கு எண்ணெய் போடச் சொல்றேன். திரும்பி வந்துடுங்க கண்ணு.

உன்
அத்தை

*

பிப்ரவரி 22

அத்தை,

எப்படி எழுதறதுன்னு தெரியல. லெட்டரை லேப்ல மெழுகு உருக்கிக்கிட்டே படிச்சேன். முதல்ல சிரிப்பு வந்துச்சு, அடக்க முடியல. அப்புறம் அழுதுட்டேன். மெழுகு பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சு திட்டு வாங்கினேன்.

நீங்க என் வேலைக்காக வலியை ஒளிச்சிருக்கீங்க. நாங்க என்ன நினைச்சுக்கிட்டு இருந்தோம் தெரியுமா? சொன்னா நீங்க என்னை மன்னிக்கவே மாட்டீங்க. சொல்லாம விட்டா மாமா சாகற வரைக்கும் பட்டன் போட்டுக்கிட்டே இருப்பார்.

அத்தை, உங்க ரூமுக்கும் எங்க ரூமுக்கும் நடுவுல இருக்கறது பலகைத் தடுப்பு. மூச்சு விட்டா கேக்கும். தினமும் விடிஞ்சும் விடியாமலும் முதல்ல தாழ்ப்பாள் போடற சத்தம். அப்புறம் கட்டில் சத்தம். அப்புறம் மாமா குரல், நீங்க எழுதினீங்களே அதே வார்த்தைங்க. நடுவுல உங்க முனகல். நாங்க கல்யாணம் ஆன புதுசு. என்னன்னு நினைப்போம், நீங்களே சொல்லுங்க. இதுக்கு மேல எழுதக் கை வரல.

இவர் தலையணையால காதைப் பொத்திக்குவார். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்குவேன். அப்புறம் இவர் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து வாக்கிங்னு வெளியில போயிடுவார். நாங்க மேஜையில உக்காந்திருக்க நீங்க காபி குடுக்கறப்போ உங்க முகத்தைப் பார்க்க முடியாது. மாமா ஒரு நாள், "இன்னைக்கு நல்லா வந்துச்சு, நாளைக்கு இன்னும் நல்லா வரும்"னு உங்ககிட்ட சொன்னார். இவருக்குப் புரை ஏறிடுச்சு, ஞாபகம் இருக்கா? அந்த வாரம்தான் வீடு பார்த்தோம்.

உங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். கேக்காம ஒரு கதையை நாங்களே கட்டிக்கிட்டோம். எனக்கு இப்போ மண்ணுக்குள்ள போயிடலாம் போல இருக்கு.

இவர்கிட்ட சொல்லட்டுமா? ஆணைன்னு சொல்லிட்டீங்க. சொல்லாம எப்படி இவங்க ரெண்டு பேரையும் பேச வைக்கறது? நீங்களே முடிவு சொல்லுங்க.

வெக்கத்தோட,
உங்க மருமகள்

*

மார்ச் 11

மருமகளுக்கு,

உடனே பதில் போடல. எத்தனை தடவை உக்காந்தாலும் பேனா நகரல. இப்போகூட முகமெல்லாம் எரியுது, யாரோ பின்னால நின்னு படிக்கற மாதிரி இருக்கு.

உன் லெட்டரைப் படிச்ச அன்னைக்கு லாண்டரிக்குப் போகல. தலையைப் போர்த்திக்கிட்டுப் படுத்துட்டேன். என் பிள்ளை எங்களைப் பத்தி அப்படி நினைச்சான், அதை மனசுல வச்சுக்கிட்டு நான் போட்ட சோத்தைத் தின்னான்னு நினைக்க நினைக்க உடம்பு கூசுச்சு. மேல் வீட்டுக்காரிக்கும் கேட்டிருக்குமோ? பால்காரர் போன மாசம் ஒரு மாதிரி சிரிச்சாரே, அதுவும் இதுக்குத்தானா? மாடிப்படியில யாராவது வந்தா இப்போ கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறேன்.

மாமாகிட்ட மூச்சு விடல. சொன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவார், உன் முகத்தை ஆயுசுக்கும் பார்க்க மாட்டார். எனக்கு வலி சரியாயிடுச்சு, யோகாவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டேன். காலையில வழக்கம் போல தாழ்ப்பாள் போட எழுந்தார். போடாதீங்கன்னு கத்தினேன். ஏன்னு புரியாம தாழ்ப்பாள் மேல கையை வச்சுக்கிட்டு அப்படியே நின்னார். பாவம்.

யோகாவை விட்டதுக்குப் பலன் உடனே கிடைச்சுது. போன வாரம் லாண்டரில மறுபடியும் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேர் தாங்கி ஆட்டோவுல ஏத்தி விட்டாங்க.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. படுத்துக்கிட்டே யோசிச்சேன். சரி, நீங்க நினைச்ச மாதிரியே இருந்திருந்தாத்தான் என்ன? நாங்க புருஷன் பொண்டாட்டிதானே? அடுத்த வீட்டுச் சுவரேறியா குதிச்சோம்? பெத்த அப்பனைப் பார்த்து வெக்கம் வேணும்னு சொல்ற அளவுக்கு அதுல என்ன இருக்கு? தம்பியை நிக்க வச்சுக் கேக்கணும்னு ஆத்திரமா வந்துச்சு.

ஆத்திரம் அடங்கினதும் வேற ஒரு நினைப்பு வந்துச்சு. அதை யார்கிட்டயும் சொல்ல முடியாது, உன்கிட்ட எப்படி சொல்றேன்னும் தெரியல. அதெல்லாம் எங்களுக்குள்ள நின்னு ரொம்ப வருஷமாச்சு. இடுப்பு பிடிக்கலன்னா அவர் என் காலைத் தொட்டிருக்கவே மாட்டார். நீங்க தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து நினைச்சீங்களே, அந்த மாதிரி ஒரு புருஷன் பொண்டாட்டி இந்த ரூம்ல இல்ல. எனக்கு அதுலதான் ரொம்ப வெக்கமா இருக்கு.

தம்பிகிட்ட சொல்லிடு. ஆணையை நான் எடுத்துட்டேன். ஆனா மாமாவுக்கு மட்டும் தெரியக் கூடாது.

அத்தை

*

மார்ச் 14

அன்புள்ள அத்தைக்கு,

உங்களைப் பத்தியும் மாமாவைப் பத்தியும் கடைசியா எழுதினதைப் படிச்சுட்டு லெட்டரை மடிச்சு என் பை அடியில வச்சுட்டேன். அதை இவர்கிட்ட காட்டல. அது நமக்குள்ள இருக்கட்டும்.

மத்ததைச் சொல்லிட்டேன். முதல்ல நம்பல. "என்னது, யோகாவா?"ன்னு கேட்டார். நானே கட்டில்ல படுத்து முட்டியை மடிச்சுக் காமிச்சேன். பார்த்துட்டு எழுந்து போய் மாடிப்படியில உக்காந்துட்டார். கூப்பிடப் போனேன். "அப்பாவைப் பார்த்து என்ன வார்த்தை சொல்லிட்டேன் பாரு"ன்னு தலையில அடிச்சுக்கிட்டார்.

ஞாயித்துக்கிழமை காலையில அங்க வரார். நான் வரல, உங்க முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரல. என்ன சொல்லி மன்னிப்பு கேக்கறதுன்னு இவருக்குத் தெரியல. காரணத்தைச் சொன்னா மாமா உடைஞ்சு போவார், சொல்லலன்னா பேச மாட்டார். நீங்கதான் ஏதாவது பண்ணணும்.

என் வேலையைப் பத்தி நான் வாயைத் திறக்கல. இவரும் திறக்கல. அது ஒரு பயம் உள்ள இருக்கு அத்தை.

உங்க மருமகள்

*

மார்ச் 18

அன்புள்ள மருமகளுக்கு,

ஞாயித்துக்கிழமை நடந்ததை உன் வீட்டுக்காரன் உன்கிட்ட முழுசா சொல்லியிருக்க மாட்டான். அதனால நான் எழுதறேன்.

வந்தான். ஷூவைக் கூட கழட்டாம வாசல்லயே நின்னான். மாமா பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டார். தம்பி "அப்பா"ன்னான். பேப்பர் இறங்கல. "மன்னிச்சுடுப்பா"ன்னான். அதுக்கு அவர் பேப்பருக்குப் பின்னால இருந்தே, "மன்னிக்கறது இருக்கட்டும். நான் என்ன வெக்கங்கெட்ட வேலை செஞ்சேன், அதை மட்டும் சொல்லு"ன்னார். தம்பி என்னைப் பார்த்தான்.

எனக்கு அந்த நிமிஷம் என்ன தைரியம் வந்துச்சோ தெரியல. நேரா ரூமுக்குப் போனேன். கதவை அகலமாத் திறந்து வச்சேன். கட்டில்ல படுத்து, "ஏங்க, இடுப்பு பிடிச்சுக்கிச்சு, வந்து காலை மடிச்சு விடுங்க. தம்பியும் வரட்டும்"னு சத்தமாக் குரல் குடுத்தேன்.

அவர் ஓடி வந்தார். "அவன் எதிர்லயா?"ன்னு காதோட கேட்டார். நம்ம பிள்ளைதானே, நின்னா என்னன்னேன். தயங்கித் தயங்கிக் காலைப் பிடிச்சார். மெதுவா முணுமுணுத்தார். "எனக்குக் கேக்கல, எப்பவும் போல சத்தமா சொல்லுங்க"ன்னேன். அவர் ஆரம்பிச்சார். "வரலாம், வரலாம், மெதுவா, இன்னும் கொஞ்சம்..." கட்டிலும் தன் பங்குக்குக் கத்துச்சு. பிள்ளை எதிர்ல இப்படிப் படுத்துக்கிட்டுக் காலைத் தூக்கறதுக்கு எனக்கு எவ்வளவு கூச்சமா இருந்துச்சுன்னு எழுத்துல சொல்லத் தெரியல. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்.

நிலைப்படியில சாஞ்சுக்கிட்டு நின்னவன், திடீர்னு முகத்தைப் பொத்திக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டான். சின்ன வயசுலகூட அப்படி அழுது நான் பார்த்ததில்ல. மாமா பதறிப் போயிட்டார். "டேய், எதுக்குடா அழற? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லடா, சரியாயிடும்னு சொல்லியிருக்காங்க. இங்க வா, இந்தக் காலை நீ பிடி. முரட்டுத்தனமா இழுக்காத, நான் சொல்றப்போ நிறுத்து"ன்னார். அவன் மூக்கை உறிஞ்சிக்கிட்டே வந்து பிடிச்சான். அப்பன் வரலாம்னா வந்தான், நில்லுன்னா நின்னான். பேச்சு இல்லாம போன மனுஷங்க என் முட்டிக்கு ரெண்டு பக்கமும் நின்னு பேசிக்கிட்டாங்க.

எழுந்ததும் நான் தம்பிகிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னேன். "என் இடுப்பைச் சாக்கு வச்சு அந்தப் பொண்ணு வேலையில கை வச்ச, அப்புறம் இந்த வீட்டுப் படி ஏறாத. துடைக்கற குச்சி பாத்ரூம்ல இருக்கு, முடிஞ்சா நீ துடைச்சுட்டுப் போ." துடைச்சுட்டுத்தான் போனான். மூலையெல்லாம் அப்படியே இருக்கு, ஆனா துடைச்சான். நீ பயப்படாம வேலைக்குப் போ.

இனிமே சொல்றதுதான் எனக்கு ஆறல. அவன் போனப்புறம் மாமா சாப்பிட உக்காந்தார். பாதியில கையை நிறுத்திட்டு, "இப்போதான் எனக்குப் புரிஞ்சுது"ன்னார். எனக்கு உயிரே போச்சு. "அவன் எப்படியோ உன் வலியைக் கவனிச்சிருக்கான். இவ்வளவு வலியோட இருக்கறவளை மூட்டை தூக்க அனுப்பிட்டு வீட்ல உக்காந்து பாடிக்கிட்டு இருக்கியே, வெக்கமா இல்லையான்னுதான் கேட்டிருக்கான். நியாயமாத்தான் கேட்டிருக்கான். எனக்குத்தான் புத்தி இல்ல"ன்னார். தட்டைப் பார்த்தபடியே சொன்னார். இல்லைங்க, அது இல்லைன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. என்னன்னு சொல்றது? தப்பே பண்ணாத மனுஷன் ஒரு தப்பைத் தானே தேடி எடுத்துத் தலையில போட்டுக்கிட்டார். நான் இன்னொரு கரண்டி சாதத்தைப் போட்டேன்.

மறுநாள் என்கூட லாண்டரிக்கு வந்தார். மேனேஜரைப் பார்த்து, இவ இனிமே கூடை தூக்க மாட்டா, உக்காந்து மடிக்கற வேலை குடுங்கன்னு சொன்னார். மடிக்கற மேஜையில போட்டுட்டாங்க. திரும்பி வர்ற வழியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு ரோடு கிராஸ் பண்ணார். தாண்டினப்புறமும் விடல. நாலு பேர் பார்க்கறாங்கன்னு சொன்னேன். அவருக்குக் கேக்கல. நானும் திருப்பிச் சொல்லல.

தம்பி போறப்போ, "திரும்பி வந்துடறோம்மா, அடுத்த மாசமே காலி பண்றோம்"னான். இத்தனை நாளா நான் கேட்டது அதைத்தான். ஆனா வேண்டாம்னு சொல்லிட்டேன். அவன் நான் கோவத்துல சொல்றேன்னு நினைச்சுக்கிட்டான், உன்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருப்பான். கோவம் இல்ல கண்ணு. பலகைத் தடுப்புன்னு நீ எழுதினப்புறம் நான் உங்க ரூம்ல போய் உக்காந்து பார்த்தேன். மாமா இந்தப் பக்கம் தொண்டையைக் கனைக்கறது அப்படியே கேட்டுச்சு. அப்போதான் உறைச்சுது. எங்க சத்தம் உங்களுக்குக் கேட்டா உங்க சத்தமும் எங்களுக்குக் கேட்டிருக்கணுமே? கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து உங்க ரூம்லேருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்ததில்ல. ஒரு சண்டைகூட வந்ததில்ல. பிள்ளையும் மருமகளும் எவ்வளவு அடக்கம்னு நான் லாண்டரில பெருமை பேசினேன். நீங்க எங்களுக்குப் பயந்து மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது எனக்குத் தோணவே இல்ல.

திரும்பி வரச் சொல்லி இனிமே எழுத மாட்டேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சாப்பிட வாங்க. நீ என் முகத்தைப் பார்க்க வேண்டாம், தட்டைப் பார்த்துச் சாப்பிடு, நானும் அப்படியே பண்றேன், போகப் போகச் சரியாயிடும். சாப்பிட்டுட்டு உங்க வீட்டுக்குப் போங்க.

உன்
அத்தை